700 பார் ஹைட்ரஜன் டேங்க்: கார்பன் ஃபைபர் எத்தனை எம்எம் சுத்தணும்?

டிசைன்னு சொன்னதும் நேரா சாஃப்ட்வேரைத் தொறந்து மெஷ் போட ஆரம்பிக்காதீங்க, மொதல்ல பேப்பர்ல நெட்டிங் கணக்கு போடுங்க. ஃபைபரை ஒட்டிப் பிடிக்கிற ரெசின் ஒண்ணும் தாங்கல, மொத்த பாரமும் ஃபைபர் மேலதான்னு வச்சுக்கிற கணக்கு அது.

டைப் 4 டேங்க் எடுத்துக்குவோம், உள்ள லைனர்ங்கற பிளாஸ்டிக் உறை, மேல முழுக்க கார்பன். 700 பாருக்கு பாதுகாப்புக்காக 2.25 மடங்கு வச்சா 1575 பார், அதாவது 157.5 மெகாபாஸ்கல் வரைக்கும் வெடிக்கக் கூடாது. டேங்கோட ஆரம் 150 எம்எம், வாய்ப்பக்கம் ஃபைபர் திரும்புற ஆரம் 40 எம்எம். ஹெலிக்கல், அதாவது நீளவாக்குல சாய்வா சுத்துற ஃபைபர், அது டேங்கோட அச்சுலேர்ந்து சாயுற கோணத்தை நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது, ஃபைபர் வழுக்காம போகணும்னா ஆரத்தையும் கோணத்தோட சைனையும் பெருக்கினா எல்லா இடத்துலயும் ஒரே எண் வரணும், அப்போ 40/150, கோணம் சுமார் 15.5 டிகிரி.

டி700ங்கற கார்பன் ஃபைபர் ரகத்துக்கு டேட்டாஷீட்ல இழுவை வலிமை 4900 மெகாபாஸ்கல் போட்டிருக்கும், சுத்தின டேங்க்ல அது முழுசா கிடைக்காது, நான் 3900தான் எடுப்பேன். நீளவாக்குல வர்ற இழுப்புக்கு ஹெலிக்கல் 3.3 எம்எம், குறுக்கே அதைவிட ரெண்டு மடங்கு இழுப்புங்கறதால, ஹெலிக்கல் தாங்குறது போக, ஹூப் (வளையம் மாதிரி குறுக்கே சுத்துறது) 5.8 எம்எம். இது வெறும் ஃபைபர் கனம், 60 சதவீதம்தான் ஃபைபர்னா ரெண்டையும் கூட்டி 0.6ஆல வகுங்க, சுமார் 15 எம்எம். இதுவும் ஆரம்பம்தான், இவ்வளவு கனமான சுவர்ல உள் லேயருக்குத்தான் ஸ்ட்ரெஸ் அதிகம், வெளி லேயர் அந்தளவு உழைக்காது, அதனால ஹூப்ல பெரும்பகுதியை உள்பக்கம் வைங்க.

இனிமே உங்க நேரம் முழுக்க டோம்ல, அதாவது டேங்கோட உருண்டையான முனையில, போகட்டும். அங்க ஹூப் சுத்த முடியாது, ஹெலிக்கல் மட்டும்தான். பாஸ்ங்கற வாய்க் கழுத்து ஓரத்துல ஃபைபர் 90 டிகிரிக்குத் திரும்பி ஒண்ணு மேல ஒண்ணா குவியும், விரல் வச்சுப் பார்த்தாலே மேடு தெரியும், அந்த மேட்டு மேல போற அடுத்த லேயர் லைனரை ஒட்டாம பாலம் மாதிரி தொங்கிடும், அதுக்குக் கீழ ரெசின் மட்டும் தேங்கி நிக்கும். நான் சுத்தின முதல் டேங்க் அப்படித்தான் கணக்குக்கு ரொம்ப முன்னாடியே டோம்ல கிழிஞ்சுச்சு, சிலிண்டர் பாகத்துல ஒரு கீறல்கூட இல்ல. அதுலேர்ந்து ஹெலிக்கலைக் கொஞ்சம் கூடவே போடுறேன், லேயருக்கு லேயர் திரும்புற ஆரத்தை மாத்தி மேட்டைப் பரப்பிடுறேன், ஹூப் லேயர்களும் டோம் தொடங்குற கோட்டுல ஒரே இடத்துல முடியாம படிப்படியா முடியுற மாதிரி பார்த்துக்குறேன்.

டேங்கை வெடிக்க வச்சுப் பார்க்குற பர்ஸ்ட் டெஸ்ட்டை தண்ணி நிரப்பித்தான் பண்ணணும், காத்து நிரப்பிக் கூடவே கூடாது, வெடிச்சா ஆள் உயிர் போயிடும். உடைஞ்சதும் நம்பரை மட்டும் எழுதிட்டுப் போகாதீங்க, எங்க உடைஞ்சதுன்னு பாருங்க: சிலிண்டர் நடுவுல கிழிஞ்சிருந்தா டிசைன் சரியான பாதையில போகுது, பாஸ் பிச்சுக்கிட்டு வந்திருந்தா நம்பர் 1575ஐத் தாண்டியிருந்தாலும் டோமை மறுபடி போடுங்க.