கொதிப்பதா, வேகுவதா? கலீசிய, போர்ச்சுக்கீசியச் சமையல் குறிப்பைப் படிக்கும் முறை

நான் வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில், சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரில் அடுப்படி வேலையில் இருக்கிறேன். கலீசிய மொழி படிக்க விரும்பும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஃபெர்வெர், கோதெர் என்ற இரண்டு வினைகளைத்தான். அகராதிகள் பல நேரம் இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடும். அதை விட்டுவிட்டுத் தமிழிலேயே யோசியுங்கள். தண்ணீர் கொதிக்கும், அரிசி வேகும். கொதிப்பது ஃபெர்வெர், வேகுவது கோதெர். போர்ச்சுக்கீசியத்திலும் ஃபெர்வெர்தான், வேகுவது மட்டும் குஸேர் ஆகிவிடும்.

இந்த ஊர்ப் பெயர்பெற்ற ஆக்டோபஸ் சமையலையே எடுத்துக்கொள்வோம். குறிப்பு 'கந்தோ ஃபெர்வா' என்று தொடங்கினால், தண்ணீர் கொதித்ததும் என்று பொருள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். ஆக்டோபஸைத் தலையில் பிடித்து மூன்று முறை முக்கி எடுப்பார்கள். கைகள் சுருண்டுகொள்ளும், தோலும் உரியாது. அப்புறம் முழுசாக உள்ளே விட்டதும் வினை மாறும்: இனி கோதெர். இதற்குக் கடிகாரத்தை நம்பாதீர்கள். தடித்த பகுதியில் குச்சியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் வெந்துவிட்டது.

அதே இடத்தில் போர்ச்சுக்கீசியக் குறிப்பு 'குவாந்து ஃபெர்வெர்' என்னும். அகராதி வடிவம் மாறாமல் நிற்கிறதே என்று தயங்க வேண்டாம். அது எதிர்கால நிபந்தனை வடிவம், 'கொதிக்கும்போது' என்று பொருள். கலீசியப் பேச்சில் அந்த வடிவம் வழக்கொழிந்துவிட்டது. அதனால்தான் இங்கே 'ஃபெர்வா'.

இன்னொன்று. நமக்குப் பால் கொதிக்கும், நாம் பாலைக் கொதிக்க வைப்போம். கலீசியர்களுக்கும் போர்ச்சுக்கீசியர்களுக்கும் இரண்டுக்கும் ஃபெர்வெர் ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரர்கள் வழக்கமாக நம்மைப் போல 'ஃபேர் புயீர்' என்று ஒரு துணைவினை சேர்த்துக்கொள்வார்கள்.

வேறுபாடு மனதில் நிற்க எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு போர்ச்சுகலின் அட்லாண்டிக் தீவுக்கூட்டமான அசோர்ஸில், சாவ் மிகெல் தீவின் ஃபுர்னாஸில் இருக்கிறது. இறைச்சி, முட்டைக்கோஸ், கிழங்கு எல்லாவற்றையும் பானையில் அடுக்கி, எரிமலைச் சூடுள்ள மண்குழியில் சுமார் 6 மணி நேரம் புதைத்து வைப்பார்கள். கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆனாலும் எல்லாம் வெந்துவிடும். உணவின் பெயர் 'குஸீது', வெந்தது.

உறவு மொழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனின் ஃபெர்வெரே வழி வந்தவை ஸ்பானிய எர்விர், ருமேனிய ஃபியெர்பே. புல்லீரே வழி வந்தவை பிரெஞ்சு புயீர், இத்தாலிய பொல்லீரே, கத்தலான் புல்யீ. போர்ச்சுக்கீசியத்திலும் புலிர் உண்டு. ஆனால் அதற்கு அசைப்பது, தொடுவது என்று பொருள். அடுப்புப் பக்கம் கொண்டுவராதீர்கள். கலீசியாவில் 'ஃபெர்வென்தா' என்று பலகை பார்த்தால் வெந்நீர் ஊற்றைத் தேடாதீர்கள், அது அருவி. எதரோவில் ஆறு கடலோரத்திலேயே விழுகிற அருவிக்கும் அதே பெயர்தான்.

காதில் கேட்டு எழுதுபவர்களுக்கு ஒன்று: போர்ச்சுக்கீசியத்தில் வேகவைப்பதும் தைப்பதும் ஒரே ஒலி, எழுத்தில் மட்டும் ஒன்றுக்கு இஸட், மற்றொன்றுக்கு எஸ். கையில் இருப்பது ஊசியா பானையா என்று பார்த்து எழுதுங்கள்.