ரெண்டு எஞ்சின் ப்ளேனுக்கு முதல்ல வாங்க வேண்டிய டூல்ஸ்

கல்ஃப்ல சின்ன ப்ளேன்கள் நிக்கிற ஹேங்கர் ஒண்டுல கனகாலம் வேல செஞ்சிட்டு இப்ப ஊரோட, மட்டக்களப்பு கல்லடிக்கு வந்திட்டன். மச்சான்ட மகன் அமெரிக்காவுல பைப்பர் செனக்கா டூ எண்ட ரெண்டு எஞ்சின் பழைய சின்ன ப்ளேன் ஒண்டு வாங்கிப்போட்டு "மாமா, என்னென்ன டூல்ஸ் முதல்ல வாங்குற" எண்டு கேட்டார், அவருக்குச் சொன்னததான் இஞ்ச எழுதுறன்.

அமெரிக்காவுல ஓனரே பைலட் எண்டா ஆயில் ஃபில்டர் மாத்தலாம், ஸ்பார்க் ப்ளக் கழட்டித் துடைச்சு அதுட முனை இடைவெளிய (கேப்) சரியா வைக்கலாம், போல்ட் கழராம கட்டுற லொக் வயர் போடலாம், செஞ்சத ப்ளேன்ட பதிவுப் புத்தகத்துல எழுதி சைன் வைக்கணும். பெரிய வேலையெல்லாம் லைசன்ஸ் உள்ள மெக்கானிக்கோடதான். வேற நாடெண்டா அந்த நாட்டுச் சட்டத்தப் பாருங்க.

இந்த ப்ளேன்ல ஒரு எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு ப்ளக், ரெண்டு எஞ்சினுக்கும் 24. அதால முதல் டூல் ஒரு பலகைதான், 24 துளை போட்டு இடது வலது, எத்தினையாம் சிலிண்டர், மேலயா கீழயா எண்டு எழுதி வைங்க, ஏனெண்டா ப்ளக் எங்கயிருந்து வந்த எண்டு தெரிஞ்சாத்தான் ஆயில் குடிக்கிற சிலிண்டரப் பிடிக்கலாம். ஏவியேஷன் பெற்றோல்ல ஈயம் இருக்கிறபடியால கீழ் ப்ளக்குகள்ல சின்னச்சின்ன ஈய உருண்டை கிடக்கும், அதக் கிளறி எடுக்கணும். கீழ விழுந்த ப்ளக்க திரும்பப் போடவே வேணாம், உள்ளுக்க பீங்கான் வெடிச்சிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புது செம்பு வாஷர் போட்டு எவ்வளவு இறுகுது எண்டு காட்டுற டோர்க் ரெஞ்சால இறுக்குங்க, இந்த ப்ளேன்ல உள்ள கான்டினென்டல் கம்பெனி எஞ்சினுக்கு 25 லிருந்து 30 ஃபுட் பவுண்ட், லைக்கமிங் கம்பெனி எஞ்சின் எண்டா 35.

ஃபில்டர் கட்டர் கட்டாயம் வேணும், கழட்டின ஆயில் ஃபில்டர வெட்டித் திறந்து எஞ்சின்லயிருந்து இரும்புத்தூள் வந்திருக்கா எண்டு பாக்கிறதுக்கு. வாளால அறுத்தா அந்த இரும்புத்தூளே உள்ளுக்க விழுந்து உங்களுக்கு பொய் சொல்லும். ஃபில்டருக்குள்ள இருக்கிற பேப்பர விரிச்சு காந்தம் பிடிச்சுப் பாருங்க.

கம்ப்ரெஷன் டெஸ்டர் விலதான், ஆனா எனக்குப் பிடிச்ச சாமான். சிலிண்டருக்குள்ள 80 பி.எஸ்.ஐ அமுக்கத்துல காத்து விட்டு எவ்வளவு நிக்குது எண்டு பாக்கிற, புகை போற எக்ஸோஸ்ட் குழாயில சீறினா எக்ஸோஸ்ட் வால்வு, ஆயில் ஊத்துற வாயில சீறினா பிஸ்டன் ரிங் பழுது. காத்து ஏறினா ப்ரொப்பெல்லர் அடிச்சிப்போடும், அதப் பிடிக்க ஆள் வேணும், தனியச் செய்யவே வேணாம். ஒவ்வொரு நம்பரையும் கொப்பியில இடதையும் வலதையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, ரெண்டும் ஒண்டா ஓடுற எஞ்சின், ஒண்டு விலகிப்போனா மத்தது காட்டிக்குடுக்கும்.

லொக் வயர் ப்ளையர்ஸ், 0.032 இன்ச் வயர், இன்ச்சுக்கு 6 லிருந்து 8 முறுக்கு, இறுகுற பக்கம் இழுக்கணும், பழைய வயர் குப்பைக்கு.

எங்கட ஊர் மாதிரி ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி எண்டா உப்புக்காத்து எல்லாத்தையும் தின்னும். டூல்ஸ ஆயில் துணியால துடைச்சு மூடிவைங்க, டோர்க் ரெஞ்ச ஆகக் குறைஞ்ச அளவுக்கு இறக்கித்தான் வைக்கணும்.

ஆக முக்கியமானது இது. ரெண்டு எஞ்சினுக்கும் ஒரே நாள்ல ஒரே வேலையச் செய்யாதீங்க. 1983 மே 5, மியாமியிலயிருந்து போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ப்ளேன், மூண்டு எஞ்சின்லயும் ஒரே மாதிரி ஆயில் ஒழுகாம அடைக்கிற வளையத்த (ஓ ரிங்) போடாம விட்டதால மூண்டுலயும் ஆயில் போய் எஞ்சின் நிண்டுது, ஒண்டத் திருப்பி ஸ்டார்ட் பண்ணித்தான் 172 பேரும் தப்பினவங்க. இடதுக்கு ஆயில் மாத்தினா ஓடவிட்டு, எஞ்சின் மூடிய (கவ்லிங்) கழட்டி லீக் பாத்து, பறந்து வந்த மறுகாதான் வலதுல கை வைக்கணும்.