கொங்குச் சாப்பாடு: வீட்டில் செய்வதும் மெஸ்ஸில் கேட்டு வாங்குவதும்

வெளியூரிலிருந்து கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு வந்தவர்கள் முதல் மாதம் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான். "குழம்பில் காரமும் இல்லை, புளிப்பும் இல்லை, என்னதான் போடுறாங்க இங்கே?" போடுவது சின்ன வெங்காயம், மல்லி, மஞ்சள், தேங்காய். பட்டையும் கிராம்பும் பின்னால்தான் நிற்கும், சில பதார்த்தங்களில் இருக்கவே இருக்காது. மதுரைக் குழம்பின் காரத்தை எதிர்பார்த்துக்கொண்டு இங்கே இலை முன்னால் உட்கார்ந்தால் சப்பென்றுதான் தெரியும். அதனால் முதலில் வீட்டில் ஒன்றிரண்டு செய்து நாக்கைப் பழக்கிவிட்டு அப்புறம் மெஸ்ஸுக்குப் போங்கள்.

இந்த ருசிக்குக் காரணம் மண்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி இது, ஆற்றுப் பாசனம் உள்ள இடம் தவிர மற்றதெல்லாம் கம்பு, ராகி, சோளம், கொள்ளு, எள், நிலக்கடலை என்று காட்டு வெள்ளாமை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. காங்கயம் பக்கம் போனால் களம் களமாகக் கொப்பரை காய்வதைப் பார்க்கலாம், அப்புறம் தேங்காய் இல்லாமல் எப்படிச் சமைப்பார்கள்?

வீட்டில் ஆரம்பிக்க அரிசிம்பருப்பு சாதத்தை விட்டால் வேறு வழி இல்லை. ஒரு டம்ளர் சாப்பாட்டு அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம் பருப்பு, இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். குக்கரில் கடலெண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், நாலு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் போட்டு வதக்கி, ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், தட்டிய மிளகு சேருங்கள். பொடிப் பொடியாகக் கீறிய தேங்காய் கொஞ்சம் போட்டால் பல்லில் அகப்படும்போது நன்றாக இருக்கும். ஊறிய அரிசி பருப்போடு நாலு டம்ளர் தண்ணீர், உப்பு, மூன்று விசில். குழைவாக வேண்டுமென்றால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர் விடலாம். பெரிய வெங்காயம் போட்டும் செய்கிறார்கள், ஆனால் அது வேறு சாதம், இனிப்புத் தட்டும். தட்டில் போட்டதும் நடுவில் குழி பறித்து ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய் ஒரு ஸ்பூன் விட்டு, தயிரும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் முடிந்தது, வேறு தொட்டுக்கை தேட வேண்டாம்.

அடுத்தது பள்ளிபாளையம் சிக்கன். பள்ளிபாளையம் காவிரியின் அக்கரை, நாமக்கல் மாவட்டம், பாலம் தாண்டினால் ஈரோடு. இதற்கு மசாலாப் பொடி எதுவும் வேண்டாம், தக்காளி வேண்டாம், இஞ்சி பூண்டு விழுதுகூட இல்லாமல் செய்பவர்கள் உண்டு. அரை கிலோ கோழியை எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்லி வாங்குங்கள், பெரிய துண்டில் உப்பு காரம் ஏறாது. கால் கிலோ சின்ன வெங்காயம். வரமிளகாய் பன்னிரண்டு, கிள்ளி விதையை உதறிவிடுங்கள், நிறமும் வாசமும் இருக்கும், காரம் அடங்கிவிடும். வாணலியில் எண்ணெய் தாராளமாக விட்டு மிளகாயைப் போட்டதும் அது பளபளவென்று உப்பி வரும், கறுப்பதற்குள் வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் கொட்டிவிட வேண்டும். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் கோழி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் ஊற்றாமல் மூடி வையுங்கள், கறியிலேயே தண்ணீர் விடும். முக்கால் வேக்காட்டில் தேங்காய்க் கீற்றைப் போட்டு மூடியை எடுத்துவிட்டுக் கிளறினால், சலசலவென்ற சத்தம் மாறிப் பொரிகிற சத்தம் கேட்கும், ஓரத்தில் எண்ணெய் பிரியும், அப்போது இறக்குங்கள். நாட்டுக்கோழி என்றால் மட்டும் தண்ணீர் தெளித்துத் தெளித்து நிதானமாக வேக விட வேண்டும்.

கொள்ளுப் பருப்பு குளிர் காலத்தில் செய்யலாம். கொள்ளு வேக வைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு, வெந்த கொள்ளைச் சீரகம், மல்லி, பூண்டு, மிளகாய், சின்ன வெங்காயத்தோடு கொரகொரப்பாக அரையுங்கள். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து பாருங்கள்.

சரி, மெஸ். பன்னிரண்டரைக்குள் போய் உட்காருங்கள். குடல், ரத்தப் பொரியல், தலைக்கறி எல்லாம் அளவாகத்தான் செய்வார்கள், ஒன்றரை மணிக்குப் போனால் பல நாள் "தீந்துபோச்சுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். மெனு அட்டையை நம்பாமல் பரிமாறுகிறவரிடம் கேட்பதுதான் உத்தமம்: "ஏனுங்கண்ணா, இன்னிக்கு எது நல்லா இருக்குதுங்க?" இப்படி மரியாதையாகக் கேட்டால் இந்த ஊரில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், எது காலையில் செய்தது எது இப்போது இறக்கியது என்பது உட்பட.

பெரிய ஓட்டல்களில் பள்ளிபாளையம் என்ற பெயரில் குடைமிளகாயும் சிவப்புக் கலரும் போட்டு ஒன்று தருவார்கள். "தேங்காய்க் கீத்துப் போட்ட வறுவலுங்களா, கிரேவியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கிரேவி என்றால் மட்டன் வறுவலுக்கு மாறிவிடுங்கள்.

சாதத்தை முழுசாக ஒரே குழம்பில் பிசைந்து வீணாக்காதீர்கள். கொஞ்சம் கோழிக் குழம்பு, கொஞ்சம் மட்டன் குழம்பு என்று தனித்தனியாக ஊற்றச் சொல்லுங்கள், பெரும்பாலான மெஸ்ஸில் குழம்புக்குத் தனிக் காசு கிடையாது. வறுவலை ஆரம்பத்திலேயே காலி செய்வதும் கூடாது. அது ரசச் சாதத்துக்குத்தான் சரியான ஜோடி, மிளகு ரசத்தின் சூட்டோடு அந்த வெங்காயமும் தேங்காயும் சேர்வது குழம்புச் சாதத்தில் வராது. ஒரு பிளேட் இரண்டு பேருக்குத் தாராளம். இங்கே பரிமாறுகிறவர் கையை யாரும் குறை சொல்ல முடியாது, அதனால் இலைக்கு மேல் கையை மறித்து "போதுங்க, போதுங்க" என்று இரண்டு தரம் சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

சந்தகை கிடைக்கிற இடம் தெரிந்தால் விடாதீர்கள். புழுங்கலரிசியை ஊற வைத்து அரைத்து, வேக வைத்து, சூட்டோடு சூடாகப் பிழிவது. இடியாப்பம் பிழிந்த பிறகு வேகும், இது வெந்த பிறகு பிழிவது, அதனால்தான் இழை இவ்வளவு மெத்தென்று இருக்கிறது. பாதிக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும், பாதிக்கு எலுமிச்சம்பழம் தாளித்தது என்று வாங்குங்கள்.

சாயங்காலம் கோயம்புத்தூரில் இருந்தால் தள்ளுவண்டிக் காளான். பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. பொரித்ததை நசுக்கிக் குழம்பில் புரட்டும்போதே வெங்காயமும் மல்லித்தழையும் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள். ஆறினால் கஞ்சி மாதிரி இறுகிவிடும் என்பதால் பார்சல் வேண்டாம், வண்டிப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள்.