குளிரூட்டும் திரவத்தின் வெப்பப் பண்புகளை இயந்திரக் கற்றலால் கணித்தல்

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலை ஒன்றில், சூடேற்றிக் கிருமி நீக்கிய கூழைக் குளிர்விக்க நீரும் புரொப்பிலீன் கிளைக்காலும் (நீர் உறையாமல் காக்கும் திரவம்) கலந்த திரவம் ஓடுவதாகக் கொள்வோம். வெப்பநிலையையும் கலவை விகிதத்தையும் கொடுத்தால் அத்திரவத்தின் பண்பைச் சொல்லும் மாதிரியை, அளந்த தரவிலிருந்து கணினியைக் கற்கவைத்து உருவாக்குவதே நோக்கம். உணவு ஆலை என்பதால் நச்சுத்தன்மை உள்ள எத்திலீன் கிளைக்கால் இங்கே பொருந்தாது.

எந்தப் பண்பைக் கணிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 25 பாகை செல்சியஸில் நீரின் வெப்பக் கடத்துதிறன், மீட்டருக்கும் கெல்வினுக்கும் சுமார் 0.6 வாட்; தூய புரொப்பிலீன் கிளைக்காலுக்கு அது சுமார் 0.2. பாகுநிலையிலோ (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) இடைவெளி 40 மடங்குக்கும் அதிகம். குளிரக் குளிர அது இன்னும் விரியும். எனவே பாகுநிலையை அப்படியே கொடுக்காமல் அதன் மடக்கையையும், வெப்பநிலைக்குப் பதிலாகக் கெல்வின் அளவின் தலைகீழியையும் கொடுத்தால், வளைந்த உறவு ஏறத்தாழ நேர்கோடாகிவிடும்.

தரவு அட்டவணையில் வெப்பநிலை, கிளைக்காலின் எடை விழுக்காடு, அளந்த மதிப்பு ஆகியவற்றோடு, அந்த அளவீடு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். சில அட்டவணைகள் கன அளவு விழுக்காட்டைத் தருவதால், எல்லாவற்றையும் எடைக்கு மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் சோதனைத் தரவைப் பிரிப்பதுதான். வரிசைகளைக் குலுக்கிப் பிரித்தால், ஒரே ஆய்வகம் 20 பாகையில் அளந்தது பயிற்சியிலும் 25 பாகையில் அளந்தது சோதனையிலும் விழும். மாதிரி இயற்பியலைக் கற்காமல், பக்கத்து வரிசையைப் பார்த்து எழுதியே முழு மதிப்பெண் வாங்கிவிடும். சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் நிரல் நூலகத்தின் குரூப்-கே-ஃபோல்டு முறையில், ஒரே மூலத்தின் (ஆய்வகத்தின்) வரிசைகள் பயிற்சி, சோதனை இரண்டிலும் கலக்காதபடி பிரித்தால் பிழை கூடத்தான் செய்யும். நம்பத் தக்கது அந்தப் பிழைதான். நானோ துகள் கலந்த திரவங்களின் தரவைச் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2009இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், 30க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே திரவக் கூறுகளை அளந்தபோது, முன்பு பேசப்பட்ட அசாதாரணக் கடத்துதிறன் உயர்வு தென்படவில்லை.

சில நூறு வரிசைகளே இருக்கும்போது, நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட காஸியன் ப்ராசஸ் என்ற கற்றல் முறை ஏற்றது. கணிப்போடு அதன் ஐயப்பாட்டையும் அது தரும். பல முடிவு மரங்களின் சராசரியைத் தரும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறை, பயிற்சியில் கண்ட எல்லைக்கு வெளியே செல்லாது: 0 பாகை வரை மட்டும் கற்ற மாதிரியிடம் கழித்தல் 10 பாகைக்குக் கேட்டால், ஏறத்தாழ 0 பாகையின் மதிப்பையே திருப்பித் தரும்.

ஆலையின் குளிரூட்டும் சுற்றில் நீர் ஊற்ற ஊற்றக் கலவையின் விகிதம் மாறுவதால், உள்ளீடே தவறாகிவிடக் கூடும். கூழின் பிரிக்ஸ் (சர்க்கரை விழுக்காட்டு அளவு) பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது ஒளிவிலகலை அளக்கும் கருவி, இந்த விகிதத்தை அறியவும் உதவும். ஆனால் அதன் அளவுகோல் சர்க்கரைக்கு உரியது என்பதால், ஆலையில் வாங்கிய அதே பீப்பாயின் கிளைக்காலை எடை போட்டு 10, 20, 30, 40 விழுக்காட்டில் கரைத்து, எந்த பிரிக்ஸுக்கு எத்தனை விழுக்காடு என்ற அட்டவணையை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.