பெங்களூர்ல காலேஜ் படிச்சிக்கிட்டே என்சிசி பண்றது எப்படி

நம்ம அல்சூர் பக்கத்து பசங்க நிறைய பேர் கேக்குறாங்க, டிகிரி படிக்கும்போதே பார்ட் டைமா ஆர்மில இருக்க முடியுமான்னு. அந்த மாதிரி பார்ட் டைம் படையான டெரிடோரியல் ஆர்மில ஆபீசராகணும்னா டிகிரியும் முடிச்சிருக்கணும், ஒரு வேலைலயும் இருக்கணும், அதனால ஸ்டூடண்டுக்கு இருக்குற வழி என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை தான். அது சர்வீஸ் கிடையாது, ட்ரெய்னிங் தான், ஆனா நேரம் நிறைய கேக்கும்.

முதல்ல அட்டெண்டன்ஸ். பரேடுல 75 சதவீதம் இல்லன்னா என்சிசி குடுக்குற பி, சி சர்டிபிகேட்டுக்கான எக்ஸாம் எழுத விட மாட்டாங்க, காலேஜும் அதே மாதிரி 75 கேக்கும். நடுவுல பத்து நாள் கேம்ப் வேற வரும். கேம்ப் தேதி தெரிஞ்ச அன்னைக்கே லெட்டர் வாங்கி எச்ஓடி (டிபார்ட்மென்ட் ஹெட்) கிட்டயும் லேப் எடுக்குற மேடம் கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க, போனில ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க. செகண்ட் இயர்ல நான் கேம்ப் போயிட்டு வந்து தான் லெட்டர் குடுத்தேன், அதுக்குள்ள லேப் இன்டர்னல் முடிஞ்சிடுச்சு, மார்க் போனது போனது தான், இப்போ நெனச்சாலும் வலிக்குது.

கேம்ப்ல படிக்கலாம்னு புக்கு தூக்கிட்டு போகாதீங்க ப்ளீஸ். விடியக்காலைல பி.டி. உடற்பயிற்சி, அப்புறம் டிரில், ஃபயரிங், சாயங்காலம் கல்ச்சுரல்ஸ், ராத்திரி படுத்தா அப்படியே தூங்கிடுவோம். போறதுக்கு முன்னாடி வாரமே ரெக்கார்ட் எழுதி முடிங்க, நோட்ஸ் எடுத்து வைக்க ஒரு ஃபிரெண்ட் கிட்ட சொல்லிட்டு போங்க, வந்ததும் மூணு நாள் வேற எந்த வேலையும் வச்சிக்காம விட்டதை படிங்க.

ஞாயித்துக்கெழம மெட்ரோ ஏழு மணிக்கு தான் ஆரம்பிக்கும், காலைல ஆறரைக்கு ஃபால் இன் (பரேடுக்கு வரிசைல நிக்கறது)னா பஸ் தான் கதி, அதனால யூனிஃபார்ம் அயர்ன், பூட் பாலிஷ் எல்லாம் சனிக்கெழம சாயங்காலமே முடிச்சிடுங்க. பரேடு முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம் தூங்குங்க, அதுக்கு மேல தூங்குனா அந்த நாளே போயிடும்.

டெல்லி ஆர்டிசி, அதாவது குடியரசு தின கேம்ப் போற ஆசை இருந்தா வீட்டுலயும் காலேஜ்லயும் முன்னாடியே பேசுங்க, ஜனவரி முழுக்க அங்க தான், அதுக்கு முன்னாடி செலெக்ஷன் கேம்ப் ஒன்னு மாத்தி ஒன்னு வந்துக்கிட்டே இருக்கும், ஒரு செமஸ்டரே அதுல போயிடும். 2021ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) என்சிசிய எலெக்டிவா எடுக்க வழி பண்ணிச்சு, உங்க காலேஜ்ல கிரெடிட் குடுக்குறாங்களான்னு கட்டாயம் கேளுங்க.

மார்க்க மட்டும் விட்டுடாதீங்க. ஆர்மில ஆபீசராக என்சிசி ஸ்பெஷல் என்ட்ரின்னு ஒரு வழி இருக்கு, அதுல சிடிஎஸ்ங்கற ரிட்டன் எக்ஸாம் எழுதாமலே எஸ்எஸ்பிங்கற செலெக்ஷன் இன்டர்வியூக்கு போகலாம், ஆனா சி சர்டிபிகேட்ல பி கிரேடாவது வேணும், டிகிரில 50 சதவீதமும் வேணும். எஸ்எஸ்பி சென்டர் ஒன்னு நம்ம கப்பன் ரோட்லயே இருக்கு. சி எக்ஸாம் பெரும்பாலும் பிப்ரவரி மார்ச்சுல வரும், ஃபைனல் இயர் பசங்க ப்ராஜெக்ட் வேலைய டிசம்பர்லயே பாதிக்கு மேல முடிச்சி வச்சிடுங்க.