பழைய காலத்து ஃபுட்பால் கோச்சோட ரெக்கார்டை எப்படிப் படிக்கிறது: யோஸ்ட்டை வச்சே பாப்போம்

1901ல அமெரிக்கன் ஃபுட்பால்ல (நம்ம ஊர் கால்பந்து இல்ல, முட்டை மாதிரி பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம்) மிச்சிகன் யுனிவர்சிட்டி டீம் 11 மேட்ச்ல 550 பாயிண்ட் எடுத்துச்சு, எதிர்ல ஆடுன எல்லாரும் சேர்ந்து எடுத்தது சைபர். கோச் ஃபீல்டிங் யோஸ்ட்டுக்கு அங்க அதுதான் முதல் வருஷம். இந்த நம்பரைப் பாத்து வாயைப் பொளந்துட்டு அப்படியே போயிடாதீங்க, உள்ள போய்ப் பாக்கணும்.

முதல்ல ஸ்கோருக்குப் பக்கத்துல அந்த வருஷத்து ரூலை எழுதிக்கோங்க, இதை விட்டா மத்தது எல்லாமே தப்பாதான் புரியும். அப்போ டச்டவுனுக்கு (பந்தை எதிராளியோட கோல் லைனைத் தாண்டிக் கொண்டு போறது) 5 பாயிண்ட், ஃபீல்ட் கோலுக்கும் (பந்தைக் கோல் கம்பத்துக்கு நடுவுல உதைக்கிறது) 5, டச்டவுன் 6 ஆனது 1912லதான். பந்தை முன்னாடி எறியுற ஃபார்வர்ட் பாஸ் 1906 வரைக்கும் கிடையாது, மூணு டவுன்ல, அதாவது மூணு முயற்சியில, 5 யார்டு தள்ளிட்டுப் போனா போதும், பந்து அவங்ககிட்டயே இருக்கும்.

இப்போ 1902 ஜனவரி 1, இன்னைக்கு ரோஸ் பவுல்னு சொல்ற புத்தாண்டு காலேஜ் ஃபுட்பால் போட்டியோட முதல் மேட்ச், மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0ன்னு அடிச்சாங்க. ஒரு பேப்பர்ல பிரிச்சுப் போடுங்க: 8 டச்டவுனுக்கு 40, டச்டவுனுக்கு அப்புறம் உதைச்சு உள்ள போன 4 கிக்குக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு 4, ஒரு ஃபீல்ட் கோலுக்கு 5. அதையே இன்னைக்கு ரூல்ல (டச்டவுன் 6, ஃபீல்ட் கோல் 3) போட்டா 55 வருது. அதுவும் முழு மேட்ச் இல்ல, எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் கேப்டன் வந்து போதும் நிறுத்திக்கலாம்னு கேட்டார், அவங்ககிட்ட நிக்கத் தெம்பிருந்த ஆளே இல்ல, மிச்சிகன்ல ஆரம்பிச்ச அதே 11 பேர் கடைசி வரைக்கும் நின்னாங்க.

அடுத்து அவர் முன்னாடி எங்க இருந்தார்னு பாருங்க. 1897 ஒஹாயோ வெஸ்லியன், 98 நெப்ராஸ்கா, 99 கான்சாஸ், 1900 ஸ்டான்ஃபோர்ட். ஆமா, அதே ஸ்டான்ஃபோர்ட்தான்! அங்க படிச்சவங்கதான் கோச்சா இருக்கணும்னு அவங்க முடிவு பண்ணதால யோஸ்ட் கிளம்ப வேண்டியதாச்சு. இது தெரிஞ்சப்புறம் அந்த 49-0 வேற மாதிரி தெரியும்.

எதிர் டீம் லிஸ்ட்டையும் பாருங்க, பஃபலோவை 128-0ன்னு ஜெயிச்சதும் அந்த 550க்குள்ளதான் இருக்கு.

அப்புறம் ஜெயிக்காத மேட்ச்சைத் தேடுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. 1901ல இருந்து 1905 வரைக்கும் 57 மேட்ச், 55 வெற்றி. 1903ல மினசோட்டாவோட 6-6 டிரா, அன்னைக்கு மிச்சிகன் மறந்து வச்சுட்டு வந்த தண்ணி ஜாடிக்காக இன்னமும் ரெண்டு டீமும் மோதிக்கிறாங்க. தோத்தது ஒண்ணே ஒண்ணு, 1905 கடைசி மேட்ச், ஸ்டேக் கோச்சா இருந்த சிகாகோகிட்ட 2-0. பந்தோட இருந்த மிச்சிகன் பையனை மிச்சிகனோட கோல் லைனுக்கே பின்னால சிகாகோக்காரங்க தள்ளிட்டாங்க, இதுக்குப் பேர் சேஃப்டி, 2 பாயிண்ட், அந்த ஒண்ணுதான் மொத்த மேட்ச்சும்.

கடைசியா, கோச் வேலைய விட்டப்புறம் என்ன பண்ணார்னும் பாருங்க. யோஸ்ட் மிச்சிகன்ல அத்லெடிக் டைரக்டரா (விளையாட்டுத் துறைக்கே தலைவர்) இருந்த 1934ல, கறுப்பினப் பையன் ஆடுனா நாங்க ஆட மாட்டோம்னு ஜார்ஜியா டெக் சொல்லுச்சு, மிச்சிகன் தன்னோட கறுப்பின ஆட்டக்காரர் வில்லிஸ் வார்டை வெளிய உக்கார வச்சுட்டு ஆடுச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு மனசு ஆறவே இல்ல. அந்த சீசன் ரெக்கார்டை எடுத்துப் பாருங்க, மிச்சிகன் ஜெயிச்ச ஒரே மேட்ச் அதுதான், 9-2ன்னு மட்டும் போட்டிருக்கும்.