கிலோமீட்டர் ஏறாத காரும் தேயும்: பக்கத்திலேயே ஓடும் காரைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் காருக்கு நாலு வயது. மீட்டரில் 19,000 கிலோமீட்டர்கூட ஏறவில்லை. "புதுசு மாதிரி வெச்சிருக்கீங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, போன முறை சர்வீஸுக்கு விடும்வரை. போமன் (கார் மெக்கானிக்) எஞ்சின் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தை என்னிடம் காட்டினார். பால் கலந்த காப்பியின் நுரை உறைந்தது போல் ஏதோ ஒட்டியிருந்தது.

"கடைசியா எப்ப எண்ணெய் மாத்துனீங்க?"

"பதினாலு மாசம் இருக்கும் தம்பி. இன்னும் 10,000 ஆகலையே."

"கிலோமீட்டரை விடுங்கக்கா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் பண்றீங்க?"

எண்ணிப் பார்த்தேன். ஃபார்லிமில் வீடு, 2 கிலோமீட்டரில் பிள்ளையின் பள்ளி. காலையில் பள்ளி, அங்கிருந்து ஆயர் ஈத்தாம் பசார், அப்புறம் வீடு. மதியம் பள்ளிக்குப் போய்த் திரும்புவது, சாயங்காலம் டியூஷன். எப்படிக் கூட்டினாலும் ஏழெட்டு ஸ்டார்ட். ஓடுவதோ 13 கிலோமீட்டர்.

பினாங்கில் நம்மில் பலர் இப்படித்தான் கார் ஓட்டுகிறோம். அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஸ்பானர் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் செய்யலாம்.

படி 1: ஒரு வாரம் எண்ணுங்கள்

கைப்பேசியில் ஒரு குறிப்பு திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் எத்தனை நிமிடம் ஓடியது என்பதை மட்டும் எழுதினால் போதும், தூரம் வேண்டாம்.

மைவி, அக்ஸியா போன்ற சின்னக் கார்களில் வெப்பமானி முள் இருக்காது. ஸ்டார்ட் செய்ததும் நீல விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும். அது அணைந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நானும் நம்பினேன். உண்மையில் எஞ்சினைக் குளிர்விக்கும் குளிர்நீர் அப்போது பாதிச் சூட்டைத்தான் தாண்டியிருக்கும். முழுச் சூடு என்பது 90 டிகிரியை ஒட்டியது. எஞ்சின் எண்ணெய் குளிர்நீரைவிட மெதுவாகத்தான் சூடேறும். அதனால் தொடர்ந்து 15 நிமிடத்துக்குக் குறைவாக ஓடியதை எல்லாம் 'குட்டிப் பயணம்' என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால் மீதிப் படிகள் உங்களுக்குத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெட்ரோல் எரிந்தால் புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர்! காலையில் ஸ்டார்ட் செய்ததும் எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டுச் சொட்டாக வடிவது அதுதான். பெரும்பகுதி நீராவியாக வெளியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே, எண்ணெய் தேங்கும் இடத்துக்கு இறங்கும்.

எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். குளிர்ந்த சுவரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், எஞ்சின் சூடாகும்வரை காரின் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். அந்த மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போகிறது. எண்ணெய் நீர்த்துப்போகும், படலம் போன இடத்தில் உலோகம் உலோகத்தோடு உரசும்.

எண்ணெய் நன்றாகச் சூடாகி அப்படியே கொஞ்ச நேரம் ஓடினால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிவிடும். பி.சி.வி. என்ற சின்ன வால்வு அந்த ஆவியை மறுபடி எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். குழம்பைச் சுண்ட வைப்பது மாதிரிதான். நாம் கொதி வருமுன் அடுப்பை அணைக்கிறோம், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பற்றவைக்கிறோம், மறுபடி அணைக்கிறோம். குழம்பு எப்போது சுண்டும்?

இன்னொரு விஷயம் எண்ணெயின் கெட்டித்தன்மை. சாதாரண 5டபிள்யூ-30 எண்ணெய், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் சுமார் ஆறு மடங்கு கெட்டி. ஸ்டார்ட் செய்த உடனே மிதித்து ஓட்டக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இதைப் படித்துவிட்டு யூடியூபில் தேடிப் பயந்துவிடாதீர்கள். அங்கே வரும் வீடியோக்களில் பாதி பனி கொட்டும் ஊர்களில் எடுத்தவை. நமக்கு விடியற்காலையிலும் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும், எஞ்சின் சீக்கிரம் சூடேறும். எண்ணெய் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். அந்த அதிர்ஷ்டத்தை பேட்டரியில் பறிகொடுக்கிறோம், அதற்குப் பிறகு வருகிறேன்.

படி 2: எண்ணெயை நீங்களே பாருங்கள்

சமமான தரையில் நிறுத்துங்கள். ஃபார்லிம் மாதிரி மேடு பள்ளமான இடத்தில் இதற்குப் பெட்ரோல் ஸ்டேஷன்தான் வசதி. எஞ்சினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள், மேலே தெறித்த எண்ணெய் கீழே வடியட்டும். எண்ணெய் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவித் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் இருக்க வேண்டும்.

குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நம் மாதிரி ஓட்டுகிறவர்கள் ஏறினாலும் கவலைப்பட வேண்டும். யாரும் ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் பெட்ரோலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும்.

அப்புறம் மேல்மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். எஞ்சினில் அதிகம் சூடேறாத இடம் அது, ஈரம் முதலில் அங்கேதான் படியும். மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை என்றால் பெரும்பாலும் குட்டிப் பயணத்தின் வேலைதான். அளவுகோலில் வரும் எண்ணெயே பால் நிறமாக இருந்தாலோ, குளிர்நீர் அடிக்கடி குறைந்தாலோ, எஞ்சின் அதிகமாகச் சூடேறினாலோ கதை வேறு. எண்ணெயும் குளிர்நீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம், ஓட்டாமல் போமனைக் கூப்பிடுங்கள். குளிர்நீரைப் பார்க்கிறேன் என்று சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் பீய்ச்சி அடிக்கும்.

படி 3: பேட்டரிக்கு ஒரு மல்ட்டிமீட்டர்

ஸ்டார்ட் செய்வதால்தான் பேட்டரி காலியாகிறது என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் அது ஒரு நொடி, இரண்டு நொடிக்குத்தான். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அதைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் அலாரமும் டேஷ்கேமும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜாமில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும், அந்த நேரத்தில்தான் ஏர்கோன், வைப்பர், விளக்கு எல்லாம் ஓடும். தவிர, ஈய பேட்டரி கடைசிக் கால்பங்கு மின்சாரத்தை மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் நிரம்பாது. பாதி வயிற்றோடே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நம் ஊர் வெயில் அதன் ஆயுளை இன்னும் குறைக்கும்.

சோதிப்பது எளிது. ஹார்ட்வேர் கடையில் சாதாரண மல்ட்டிமீட்டர் சில பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் சிவப்பைக் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் வையுங்கள். 12.6 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.0-க்கு வந்துவிட்டால் கால்பங்குதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை எழுதி வைத்தால், பள்ளி வாசலில் கார் கிளம்பாமல் நிற்கும் நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆயிற்று, மழையில், பின்னால் பத்துக் கார் ஹாரன் அடிக்க.

படி 4: வேலைகளின் வரிசையை மாற்றுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான், ஒரு காசு செலவில்லை. நாலு வேலைகளை நாலு முறை தனித்தனியாகச் செய்யாமல் ஒரே சுற்றாக்குங்கள். அந்தச் சுற்றில் தூரமான இடத்துக்கு முதலில் போங்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கும் பசாருக்கும் போக வேண்டுமென்றால் கோயிலுக்கு முதலில். போகும் வழியிலேயே எஞ்சின் சூடாகிவிடும். பிறகு பசாரில் அரைமணி நேரம் நிறுத்தினாலும் அடுத்த ஸ்டார்ட் சூட்டோடு நடக்கும்.

ஸ்டார்ட் செய்துவிட்டு வீட்டு வாசலில் பத்து நிமிடம் உறுமவிடும் பழக்கம் என் அப்பாவுக்கு உண்டு. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், இன்றைய காருக்கு அது நேர் எதிர். நின்றபடி ஓடும் எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடேறும், அவ்வளவு நேரமும் பெட்ரோல் எண்ணெயில் கலக்கும். பெல்ட் போடும் அரை நிமிடம் போதும். கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக மிதியுங்கள். 1 கிலோமீட்டருக்குள் என்றால் நடந்தே போகலாம் என்று எழுத ஆசைதான், மதிய வெயிலில் நானே நடப்பதில்லை.

படி 5: வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம்

அரைமணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது பாலம். மொத்தம் 24 கிலோமீட்டர், கடல்மேல் மட்டும் 16.9. மணிக்கு 80-இல் போனால் பாலத்திலேயே 18 நிமிடம். டோல் தீவுக்குத் திரும்பும்போது மட்டும்தான். அந்தப் பணமும் வேண்டாம் என்றால் பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலை ஏறி பாலிக் பூலாவ் போய் லக்சா சாப்பிட்டு வாருங்கள், மலையேற்றத்தில் எஞ்சின் நன்றாகச் சூடாகும். ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம், ஜாமில் நிற்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

எக்ஸாஸ்ட் குழாய்க்குள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும் தண்ணீரும் இந்த ஓட்டத்தில் உலர்ந்துவிடும், பிரேக் தட்டில் மழைக்குப் பின் படியும் துருவும் தேய்ந்து போய்விடும். டி.பி.எஃப். வடிகட்டி உள்ள டீசல் பிக்கப் வைத்திருந்தால் இந்த ஓட்டம் கட்டாயம், வடிகட்டியில் சேரும் கரி நீண்ட சூட்டில்தான் எரியும்.

படி 6: சர்வீஸை நாட்காட்டியில் குறியுங்கள்

என் கார்ப் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கிறது. நான் முதல் பாதியை மட்டும் படித்தேன். 'கடுமையான பயன்பாடு' என்ற பக்கத்தையும் தேடிப் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் 8 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்களையே அதில் சேர்க்கிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரியில் ஊருக்குள் 5,000 ஓடினால் எஞ்சின் 330 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கும். அதே 5,000-ஐ நெடுஞ்சாலையில் 100-இல் ஓடினால் 50 மணி நேரம்தான். மீட்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும்.

ஆகவே மிஞாக் ஹித்தாமும் (எஞ்சின் எண்ணெய்) ஃபில்டரும் 6 மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த எண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு வருடம் இழுப்பதைவிட, புத்தகம் சொல்லும் தர எண்ணெயை நேரத்துக்கு மாற்றுவது மேல் என்பது என் கட்சி. எஞ்சின் ஃப்ளஷ் (உட்புறத்தைக் கழுவும் திரவம்) வேண்டுமா என்று கவுண்டரில் கேட்பார்கள். நான் இதுவரை வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன்.

இவற்றை ஒரு மாதம் செய்துவிட்டு மூடியைத் துடைத்து, இன்னும் ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு நுரை இருந்தால் பி.சி.வி. வால்வையும், குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எவ்வளவு ஓட்டினாலும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. என் மூடி இப்போது வெறும் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கிறது. பள்ளி விடுமுறைக்குக் காரை மூன்று வாரம் அவ்வளவாக எடுக்காதபோது மட்டும் ஓரத்தில் கொஞ்சம் வெண்மை எட்டிப் பார்த்தது.